ஊதைவாய் மதில் ஒட்டு விட்டது பற்றி நொச்சியூர்க் காடன் விடுத்த ஓலை

நலம் பெருகுக. மழை பருவம் தப்பாது பெய்க. குன்று நூறும் சுனை ஆயிரமும் உடைய குறும்பொறை நாட்டைத் தம் குடை நிழலில் வைத்துக் காப்பவரும், கல் சுமந்த தோளுக்கும் பட்டம் கட்டிப் பார்த்தவரும், தாம் இட்ட ஆணை பிழையென்று கண்டால் தாமே அதை மாற்ற அஞ்சாதவருமான அரசியார் கொன்றைமாதேவியார் திருமுன்பு, ஊதைவாய்க் கணவாயில் மூன்று நாட்டுக் கூட்டுப் படையோடு நிற்கும் தண்டநாயகன் நொச்சியூர்க் காடன் தலை தாழ்த்தி விடுத்த ஓலை. அரண்மனையும் அவையும் ஆனிரையும் நலமாக இருக்கக் கடவன. இங்கும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது முறை. இம்முறை அந்த வரிக்குக் கை வரவில்லை.

குற்றம் ஒப்பி எழுதும் ஓலையில் நான் என்ற சொல் வரலாகாது, அயலான் ஒருவன் செய்ததைச் சொல்வது போலவே சொல்லவேண்டும், அப்போதுதான் எழுதுகிறவன் தன் பக்கம் வளைக்கமாட்டான் என்பது நம் நாட்டு வழக்கம். ஆதலால் இனி வருவதெல்லாம் காடன் என்னும் ஒருவனைப் பற்றியது என்று கொள்க. ஓலைநாயகத்தைக் கூப்பிட்டுச் சொல்லி எழுதுவிக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எழுத்தாணி பிடித்த கை இது. வரி கோணினால் பொறுத்தருள்க. பொருள் கோணாது.

பத்து நாளைக்கு முன் அரசியாருக்குக் காடனின் ஓலை ஒன்று வந்திருக்கும். கணவாய் மதில் மழையில் சரிந்தது, பதினொருவர் மாண்டனர், பிழை வெண்பரி நாட்டு இளவரசருடையது, அவரே அதை ஒப்புக்கொண்டு கூட்டுமுரசு அறையும் கோலாகிய குணிலை நம்மிடம் தந்துவிட்டார் என்று அதில் கண்டிருக்கும். மதில் சரிந்தது மெய். மாண்டவர் பதினொருவர் என்பது மெய். குணில் வந்ததும் மெய். பிழை யாருடையது என்ற இடத்தில் மட்டும் பொய். அந்தப் பொய்யை எடுத்துக் களையவே இந்த ஓலை.

நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கோடைதோறும் கணவாய் வழியே இறங்கிக் களத்து நெல்லைக் கொளுத்தி மாட்டை ஓட்டிப்போகும் மணற்புறத்தாரைத் தடுக்க மூன்று அரசும் கைகோத்தபோது, வெண்பரி நாடு அறுநூறு குதிரை தந்தது. கடற்கோடி நாடு இருநூறு வில் தந்தது. நம் நாடு நானூறு வேலும், தொள்ளாயிரம் கல்லாளும் கூடைப் பெண்டிரும், மூன்று படைக்கும் சோறாகும் அரிசியும் தந்தது. கணவாயின் நடுவே கூட்டுமுரசு ஒன்று வைத்து, அதை அறையும் குணில் எவர் கையில் இருக்கிறதோ அவர் சொல்லே மூன்று படைக்கும் சொல் என்று அரசர் மூவரும் உறுதி செய்தனர். அந்தக் குணிலை வெண்பரி இளவரசர் மதிவாணராயருக்குத் தந்தனர். குதிரையே முதலில் எட்டும், ஆகவே குதிரைக்காரரே முன்னிற்கட்டும் என்று சொல்லப்பட்டது.

காடன் அன்று நேரே கூடாரத்துக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தான். பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

மதிவாணராயருக்கு வயது இருபத்தாறு. அவர் குதிரை ஏறுவது யாரோ அவரைத் தூக்கி வைத்தது போல இருக்கும். தொடைமேல் ஓலையை வைத்து, பேசிக்கொண்டே, கீழே பாராமலே எழுதுவார். எழுத்து நூல் பிடித்தாற்போல் ஓடும். காடன் ஒரு வரி எழுதுவதற்குள் அவர் ஓர் ஓலையை முடித்து மையும் தடவிவிடுவார். அவர் இவனை ஒருநாளும் இகழ்ந்ததில்லை. ஐயா என்றே அழைப்பார், இவன் வந்தால் எழுந்து நிற்பார். இகழ்ந்திருந்தால் காடனுக்கு எளிதாக இருந்திருக்கும். போதாக்குறைக்கு நம் கூடைப் பெண்டிர் அவர் குதிரை போகும்போதெல்லாம் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தனர். இருபது ஆண்டு அதே பெண்டிரோடு கல் சுமந்தவன் காடன். அவன் வரும் வழியில் ஒரு கூடையும் இறங்கியதில்லை. கூடைப் பெண்டிர் தலைவி அந்துவி, பழைய உரிமையில், என்ன காடா, அவர் குதிரையைப் பார்க்கிறோம், உன்னைப் பார்க்க என்ன இருக்கிறது, உன்னைத்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறோமே என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தனர். காடனும் சிரித்தான்.

கணவாயின் குறுக்கே மதில் எழுப்புவது என்று முடிவானதும் சச்சரவு தொடங்கியது. யார் பங்கு எவ்வளவு என்று நாள்தோறும் அவையில் பேச்சு. குதிரைக்காரர் கல் தொட்டால் கை கெட்டுப்போகும் என்றனர் வெண்பரியார். கடற்கோடித் தலைவர் சுறாக்கோடனார், பல்லெல்லாம் போன முதியவர், எங்கள் ஆட்களை மண் சுமக்கச் சொன்னால் சுமப்பார்கள், ஆனால் எங்கு கொட்டுவார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை என்றார். நம் அரிசியை உண்டு நம் ஆளை ஏவி நம் கல்லில் மதில் கட்டிக்கொண்டு, குணில் மட்டும் அவர்களிடம் இருக்கும் என்றால் நாம் வந்தது கூலிக்கா என்று காடன் கேட்டான். சுறாக்கோடனார் அதற்கும் ஒன்று வைத்திருந்தார். எங்கள் அம்பு தீர்ந்தால் நாங்கள் மட்டும் வீட்டுக்குப் போவோம், உம் அரிசி தீர்ந்தால் எல்லோரும் போவோம், ஆகையால் உண்மையில் படைத்தலைவர் உம் சமையற்காரர்தான் என்றார். அவையே குலுங்கியது. காடனுக்கு முகம் எரிந்தது.

இளவரசர் அதைப் பார்த்துவிட்டு, பங்குச் சண்டை வேண்டாம், மதிலை மூன்றாகப் பிரித்து எல்லைக்கயிறு கட்டுவோம், அவரவர் பங்கை அவரவர் எழுப்பட்டும் என்று தீர்த்தார். காடன் எழுந்து, அப்படியானால் இன்றுமுதல் குறும்பொறைக் கல் ஒன்றும் குறும்பொறைக் கை ஒன்றும் அந்தக் கயிற்றைத் தாண்டாது, அதையும் ஆணையாக்குக என்று கேட்டான். நியாயம்தான் என்று இளவரசர் ஆணையிட்டார்.

இனி வருவதை அரசியார் நின்று நிதானித்துப் படிக்குமாறு வேண்டுகிறது இவ்வோலை.

ஒரு மதிலை இரண்டு கூட்டத்தார் கட்டினால், முதலில் முடிப்பவர் தம் கடைசி முகத்தை வழவழவென்று அடைத்துவிடக் கூடாது. ஒரு வரிசைக் கல் வெளியே நீட்டியும், அடுத்த வரிசை உள்ளே வாங்கியும், மேலிருந்து கீழ்வரை பல் வரிசை போல விட்டுவைக்க வேண்டும். அடுத்தவர் கட்டும் கல் அந்தப் பல்லுக்குள் புகுந்து கடித்துக்கொள்ளும். அப்போதுதான் இரண்டு சுவரும் ஒரு சுவராகும். இதைப் பல் விடுதல் என்பார்கள். கல் வேலையில் கை வைத்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற காரியம். கணவாயில் நின்ற தலைவர் மூவரில் இதை அறிந்தவன் காடன் ஒருவனே.

நம் பங்கு கயிற்றை எட்டியபோது அந்துவி வந்து, பல் எத்தனை முழம் விடட்டும் என்று கேட்டாள். விடவேண்டாம், நேராக அடைத்துவிடு என்றான் காடன். அவள் கேட்டது சரியாகக் காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டாள். கயிற்றைத் தாண்டி ஒரு கல்லும் நீளக் கூடாது, ஆணை என்றான். ஆணையைக் கயிற்றுக்குச் சொல், மழை கயிற்றைப் பார்த்தா வரும், பல் இல்லாத சுவர் சுறாக்கோடனார் வாயைப் போலத்தான், மெல்ல முடியாது என்றாள். காடன் அப்போது சொன்னது இது: நம் பல் அவர் சுவருக்குள் போனால் அவர் சுவர் நம் கல்லால் நிற்கும், பெயர் அவருக்குப் போகும். அந்துவி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடையைத் தலையில் எடுத்துக்கொண்டு போனாள். ஒட்டு முகம் வெட்டிய வாழைத்தண்டு போல நேராக அடைக்கப்பட்டது.

அவளிடம் சொன்னதும் முழுக் காரணம் அன்று. அடி மனத்தில் வேறொன்று இருந்தது. வெண்பரியார் சுவரில் ஒரு விரிசல் காண வேண்டும் என்று காடன் ஆசைப்பட்டான். ஒரு விரல் அகலம். அதை அவை நடுவே சுட்டிக்காட்டி, குதிரை ஏறத் தெரிந்தால் போதாது என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவே. ஆள் சாவதை அவன் நினைக்கவில்லை. மழை எவ்வளவு வரும் என்றும் நினைக்கவில்லை. நினைக்க வேண்டிய இடத்தில் இருந்தவன் அவன்தான்.

இளவரசர் அவனிடம் கேட்கவும் கேட்டார். தம் பங்கு பாதி எழும்பியிருந்தபோது கயிற்றருகே வந்து, இரண்டு சுவரும் சேரும் இடத்தில் விரலை விட்டுப் பார்த்து, ஐயா, கல்லின் காரியம் எனக்குத் தெரியாது, இந்த ஒட்டு இப்படியே இருக்கலாமா என்றார். காடன், இருக்கலாம் என்றான்.

அரசியாரே, ஒரு சொல். எழுத்தில் பார்த்தால் நான்கு விரல் நீளம்கூட இல்லை.

ஆவணி ஏழாம் நாள், உச்சி சாய்ந்த பொழுதில் மழை பிடித்தது. சரிவில் ஓடிவந்த நீரெல்லாம் மதிலின் பின்புறம் தேங்கி, வழி தேடி, ஒட்டைக் கண்டுகொண்டது. முதலில் மண் கரைந்து சிவப்பாக ஒழுகியது. பிறகு வெண்பரியார் பங்கின் முனை, பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல் முன்னே தள்ளிக்கொண்டு வந்தது. பற்றிக்கொள்ள அதற்குப் பக்கத்தில் ஒரு பல் இல்லை. முப்பது முழ நீளம் ஒரே மூச்சில் விழுந்தது. காற்றுக்கு ஒதுங்கி அதன் அடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. வெண்பரிக் குதிரைக்காரர் ஐவர். கடற்கோடி வில்லாளர் இருவர். நம்மவர் நால்வர்: கல்லாள் பிட்டன், கூடைக்காரி சேந்தி, அவள் தங்கை நாகி, அந்துவியின் கணவன் மாலன்.

மாலனுக்கு அன்று அங்கே வேலை இல்லை. மழை வருகிறதே என்று அந்துவிக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணி கொண்டுவந்தவன், கஞ்சி சூடாக இருக்கிறது, உட்கார் என்று வெண்பரியார் கூப்பிட உட்கார்ந்தான்.

இளவரசர் வெறுங்கையால் கல் புரட்டினார். நகம் இரண்டு போயிற்று. காடனும் புரட்டினான். அவனுக்கு அது பழகிய வேலை, நகம் போகவில்லை. அதையும் அவன் அன்று கவனித்தான் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

மறுநாள் காலை மூன்று படையும் கூடிய இடத்தில் இளவரசர் முரசின் அருகே நின்று, கயிறு கட்டச் சொன்னவன் நான், கல் தெரியாதவன் கல்லைப் பிரித்தேன், இந்தப் பதினொருவரும் என் பிழையால் மாண்டார்கள், பிழை செய்த கையில் குணில் இருக்கலாகாது என்றார். சுற்றிலும் பார்த்தார். நேரே காடனிடம் வந்து இரு கையாலும் நீட்டினார்.

காடன் வாங்கிக்கொண்டான்.

ஓராண்டாக அவன் கனவில் கண்ட பொருள் அது. கருங்காலியில் கடைந்து தந்தப் பூண் போட்டது. கைக்கு இதமான எடை. அன்றே அரசியாருக்கு அந்தப் பழைய ஓலையை எழுதினான். எழுதும்போது ஒரு வரியும் கோணவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் அச்சமாக இருக்கிறது.

நாள்தோறும் விடியலில் முரசறைந்தான். வெண்பரிக் குதிரைகள் அவன் முரசொலிக்கு அணிவகுத்தன. சுறாக்கோடனார்கூட எழுந்து நின்றார். ஆனால் எந்த இடத்தில் இனிக்கும் என்று எண்ணியிருந்தானோ அந்த இடம் வரவே இல்லை. முரசை அறைந்துவிட்டுத் திரும்பினால், குணில் இல்லாத இளவரசர் சரிந்த கல்லை ஆட்களோடு அடுக்கிக்கொண்டிருப்பார். தலைகீழாக அடுக்குவார், கற்றுக்குட்டி, சிரிப்பு வரும். ஆனால் நம் பெண்டிர் இப்போது அவருக்காகக் கூடையை இறக்கி வைக்கவில்லை, அவரோடு சேர்ந்து தூக்கினார்கள். தாம் செய்யாத குற்றத்தைக்கூட அவர் தோளில் பட்டுத்துணி போல் போட்டுக்கொண்டு நடந்தார். செய்தவனுக்கு அதை இடுப்பில் மறைக்கவும் தெரியவில்லை. குணில் கைக்கு வந்த பிறகு காடனின் பொறாமை குறையும் என்று அரசியார் எண்ணலாம். இரண்டு மடங்காயிற்று.

அந்துவி ஒருநாள் எதிரே வந்தாள். உண்மை அறிந்தவள் அவள் ஒருத்தி. அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவள் சொன்னது வேறு: குணில் வந்துவிட்டதல்லவா, நாயகரே, எடை சரியாக இருக்கிறதா? இருபது ஆண்டில் அவள் அவனை நாயகரே என்று அழைத்தது அதுவே முதல் தடவை. நீ ஏன் அவையில் சொல்லவில்லை என்று காடன் கேட்டான். என் புருசன் செத்ததற்கு நான் அழுகிறேன், அந்த வேலையே எனக்கு முடியவில்லை, உன் வேலையையும் நான்தான் செய்ய வேண்டுமா என்றாள்.

நேற்று இரண்டு ஓலை வந்தன. ஒன்று அரசியாருடையது. காடனின் திறம் மெச்சியும், பட்டாடை அனுப்பியும், கூட்டுப் படையின் தலைமை இனி என்றும் குறும்பொறைக்கே என்றும் எழுதியிருந்தது. மற்றொன்று வெண்பரி அரசர் தம் மகனுக்கு விடுத்தது. வரும் முழுநிலா நாளில் இளவரசுப் பட்டம் அவரிடமிருந்து நீக்கித் தம்பிக்குக் கட்டப்படும் என்றும், அதற்குள் குதிரை அறுநூறும் அவரோடு கணவாயை விட்டுத் திரும்ப வேண்டும் என்றும், மானம் போன இடத்தில் வெண்பரிக் குதிரை நிற்காது என்றும் அதில் இருந்ததாகத் தெரிந்தது. கணவாய்க்கு அப்பால் நான்கு நாளாகப் புழுதி எழுகிறது. மணற்புறத்தார் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று ஒற்றரைக் கேட்கத் தேவையில்லை. குதிரை போனால் கணவாய் போகும். பிறகு களத்து நெல் போகும். பதினொருவர் என்ற கணக்கு அத்தோடு நிற்காது.

மாலையில் இளவரசர் விடைபெற வந்தார். பட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. கையில் ஐந்து ஓலை. மாண்ட குதிரைக்காரர் ஐவரின் தாய்மாருக்குத் தாம் எழுதியது, ஊருக்குப் போய்த் தாமே கொடுக்கப் போவது. ஐயா, நீர் எளிய குடியில் பிறந்து வந்தவர், இப்படி எழுதினால் ஒரு தாய்க்கு விளங்குமா, நெஞ்சில் படுமா, படித்துச் சொல்லும் என்றார். காடன் ஓர் ஓலையை வாங்கி எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தான். நேரம் பிடித்தது, அவர் காத்திருந்தார். எழுத்து அவ்வளவு அழகு. உம் மகன் என் பிழையால் மாண்டான், அம்மா, இதை வேறு எவர் மேலும் ஏற்றாதீர் என்ற வரி வந்தது. அதற்குமேல் காடனால் கூட்ட முடியவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அப்போதும் சொல்லவில்லை.

இன்று காலை முரசை அறைய வேண்டிய அளவுக்கு அறைந்த பிறகும் காடன் நிறுத்தவில்லை. பகை வந்துவிட்டதோ என்று மூன்று படையும் ஆயுதத்தோடு ஓடிவந்தன. அவர்கள் கூடியபின் பல் விடாததையும், ஏன் விடவில்லை என்பதையும், இருக்கலாம் என்று சொன்ன சொல்லையும் சொன்னான். அலங்காரம் செய்யவில்லை, தெரியாது.

சுறாக்கோடனார்தான் முதலில் வாய் திறந்தார். கடலில் இரண்டு பலகைக்கு நடுவே சந்து விட்டால் மீன் உள்ளே வந்து நம்மையே விருந்தாக உண்ணும், இதற்கு இருபது ஆண்டு கல் சுமக்க வேண்டுமா என்றார். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

இளவரசர் முகம் இரத்தமாயிற்று. அவர் சினந்து காடன் கண்டதில்லை. முரசு மேடைமேல் ஏறி வந்து, ஐந்து தாய்மாருக்கு என்னைப் பொய் எழுத வைத்தீரே, நான் கேட்டேனே, விரலை விட்டுக் காட்டிக் கேட்டேனே என்று கத்தினார். ஐயா என்ற சொல் அதில் இல்லை. கை ஓங்கினார். ஓங்கிய கை குணிலைப் பார்த்து நின்றது; குணில் பிடித்தவனை அடிப்பது மூன்று அரசரை அடிப்பதாகும். ஓங்கியபடியே நின்றுவிட்டார். அந்த ஒரு கணம் அவர் காடனைப் போலவே இருந்தார். வியர்த்து, மூச்சு வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல். காடனுக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி எட்டிப்பார்த்தது. கீழ்மைதான். ஒப்பி எழுதும் ஓலையில் அதை விட்டுவிட்டால் இது முழு ஓலை ஆகாது.

குணிலைத் திருப்பித் தருமுன், அது கையில் உள்ளவரை தன் சொல் செல்லும் என்பதால், காடன் முரசின் மேல் கை வைத்து ஆணையிட்டான். முழுநிலாவுக்கு முன் ஒரு குதிரையும் ஒரு வில்லும் ஒரு கூடையும் கணவாயை விட்டு அகலக் கூடாது. எல்லைக்கயிறு அறுக்கப்பட வேண்டும். சரிந்த இடத்தை மூன்று நாட்டாரும் கலந்தே கட்ட வேண்டும். நம் பங்கின் அடைத்த முகத்தை உடைத்துப் பல் விட வேண்டும். அந்த முகத்தை அடைத்தவனே உடைக்க வேண்டும். ஒவ்வொரு பல்லிலும் ஒரு முழம் நம் கல் வெண்பரியார் சுவருக்குள் போகும், ஒரு முழம் அவர் கல் நம் சுவருக்குள் வரும், எவர் சுவர் எவர் கல்லால் நிற்கிறது என்று இனி அவையில் பேசுபவர் அன்றைய கஞ்சியை இழப்பார். அரிசி உம்முடையதாகையால் இந்தக் கடைசி ஆணை நிச்சயம் செல்லும் என்று சுறாக்கோடனார் சொன்னார்.

பிறகு குணிலை இரு கையாலும் நீட்டினான். இளவரசர் நெடுநேரம் வாங்கவில்லை. வாங்கியபோது நன்றி சொல்லவில்லை. அது நல்லதாயிற்று.

சற்றுமுன் அவர் மாலை முரசு அறைந்தார். பத்து நாள் காடன் அறைந்ததைவிட நன்றாகவே இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அரசியாரிடம் இவ்வோலை வேண்டுவது இது. வெண்பரி அரசவையில் காடன் எழுத்துக்கு மதிப்பில்லை; நேற்றுவரை அவர் மகனைப் பழித்த கை இது. என் பட்டத்துக்காக நானே எழுத மாட்டேன் என்று இளவரசர் மறுத்துவிட்டார். அவர் மறுப்பார் என்று காடனுக்குத் தெரியும், அதிலும் அவர்மேல் எரிச்சல்தான். ஆகவே அரசியார் இவ்வோலையில் தம் திருமுத்திரை வைத்து, முழுநிலாவுக்குமுன் வெண்பரி அரசர் கையில் சேர்ப்பிக்க வேண்டும். கூட்டுப் படைத் தலைமை என்றும் நமக்கே என்று விடுத்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். பட்டாடை இதோடு திரும்பி வருகிறது, பிரிக்கவில்லை. தண்டநாயகப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு, தக்க ஒருவரை அனுப்ப வேண்டும். அவர் வரும்வரை காடன் மதிலடியில் இருப்பான். தண்டனை எதுவாயினும், பல் விட்டு முடித்தபின் நிறைவேறுமாறு இரக்கம் காட்ட வேண்டும். அந்த வேலையை இங்கே அவனைவிட நன்றாகச் செய்பவர் இல்லை. இதில் மட்டும் அவனுக்கு எவர்மேலும் பொறாமை இல்லை.

ஓலையைக் கட்டுமுன் அந்துவியிடம் படித்துக் காட்டினான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. முழுவதும் கேட்டாள். என் புருசன் பெயர் எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு என்றாள். காட்டினான். அந்த மூன்றெழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள். விரலே அதை மூடிவிட்டது. இவ்வளவுதானா என்று கேட்டாள். விரலை எடுத்துக்கொண்டு, காலையில் எத்தனை முழம் பல் விடப் போகிறாய், கடப்பாரை எத்தனை வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாள். நாயகரே என்றும் அழைக்கவில்லை, காடா என்றும் அழைக்கவில்லை.

இவ்வோலையில் மூன்று முத்திரை விழுந்திருக்கிறது. மலைமுகடு பொறித்தது குறும்பொறை நாட்டுக்கு. சுறா பொறித்தது சுறாக்கோடனார் கேட்டு அறிந்ததற்குச் சான்று. பரி பொறித்தது சற்றுக் கோணலாக விழுந்திருக்கும். வைத்த கைக்குச் சினம் இன்னும் ஆறவில்லை. சுமந்து வரும் குதிரையை வழியில் எந்தச் சாவடியும் நிறுத்தற்க. நிறுத்தினவன் மதில் சரித்தவனோடு ஒக்கக் குற்றவாளி ஆவான். குன்று உள்ளளவும் அரசியார் சொல் நிற்க. நின்ற சொல்லின் கீழ் நாடு நிற்க.

முழுநிலாவுக்கு ஏழு நாள் இருக்கிறது. இங்கிருந்து அரண்மனைக்கு நான்கு நாள், அரண்மனையிலிருந்து வெண்பரித் தலைநகருக்கு இரண்டு நாள். மீதம் ஒரு நாள். அதைக் காடன் அரசியாரின் சினத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறான்.